அப்பாவின் கண்ணும் 24 பக்கப் படிவமும்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படிக்கும்போது எழுத்தெல்லாம் நடுவில் நெளிகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். போன வாரம் கண் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணில் 'பிசிவி', கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். கூடவே, நீண்ட நாள் வேலை செய்யக்கூடிய ஒரு புது மருந்தை வைத்து இரண்டு வருட ஆய்வு நடக்கிறது, அதில் சேர விருப்பமா என்று கேட்டு, ஆங்கிலத்தில் 24 பக்கப் படிவம் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். புது மருந்தா, இப்போது போடும் மருந்தா என்பது குலுக்கலில்தான் தெரியுமாம். நடுவில் 'ஷாம்' ஊசியும் உண்டாம். அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். "உங்க அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்களா?" என்று அம்மா அழுகிறார். தம்பியோ, வெளிநாட்டில் இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே போகலாம் என்கிறான். அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும். அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லவா, வேண்டாமா?
— ஒரு மகள், உட்லண்ட்ஸ்

அன்புச் சகோதரிக்கு,

சேர்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முதல் ஊசி தள்ளிப்போகக் கூடாது. விழித்திரைக்கு அடியில் இப்போது நீரும் ரத்தமும் கசிந்துகொண்டிருக்கின்றன. கசிவு வற்றினால் பார்வை ஓரளவு திரும்ப வாய்ப்பு உண்டு. வற்றாமல் கிடந்தால் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பான இடத்தில் பார்வையைத் திரும்பக் கொண்டுவர இன்றைக்கு எந்த ஊசியாலும் முடியாது. ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஊசி உண்டு. ஆகவே முடிவெடுக்க சில நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் இழுக்காதீர்கள். "தீபாவளி முடியட்டும்", "பேத்தி பிறந்தநாள் போகட்டும்" என்று தள்ளிவிட்டு, பிறகு நடுப்பார்வையே இல்லாமல் வந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கண் பிரிவில் தாதியாக இருந்துவிட்டு, இந்த 14 ஆண்டுகளாக விழித்திரை ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் எதிரில் உட்காருவதுதான் என் வேலை. மருத்துவ முடிவை அப்பாவின் டாக்டரிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பிசிவி என்பது வயதானவர்களுக்கு வரும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவின் ஈர வகையை, அதாவது கசிவு உள்ள வகையைச் சேர்ந்தது. விழித்திரைக்குக் கீழே உள்ள ரத்தக் குழாய்களின் முனையில் சின்னச் சின்னக் குமிழ்கள் முளைக்கும். பச்சைச் சாயத்தைக் கைநரம்பில் ஏற்றிப் படம் எடுத்தால் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். அவை கசியும், சில சமயம் வெடித்து ரத்தம் கொட்டும். வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களிடம் இது அதிகம். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குப் பதில் சொல்ல உதவும்.

ஏனென்றால், கண்ணுக்குள் போடும் இந்த ஊசிகளைப் பற்றிய முதல் பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம் நடந்தவை. அவர்களுக்கு வேலை செய்தது நம் பெரியவர்களின் கண்ணில் உள்ள குமிழ்களுக்கும் அதேபோல வேலை செய்யுமா என்ற கேள்விக்கு, நம் ஊர்க் கண்களைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அப்படித்தான் சிங்கப்பூர் டாக்டர்கள் முன்னின்று, ஆசிய நாடுகள் பலவற்றில் 322 பேரைச் சேர்த்து 'எவரெஸ்ட் 2' என்ற ஆய்வை நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்கு ரானிபிசுமாப் ஊசி மட்டும். மறு பாதிக்கு அந்த ஊசியோடு, வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கையில் ஏற்றிக் கண்ணில் குளிர்ந்த லேசர் அடிக்கும் சிகிச்சையும். 2017-ல் முதலாண்டு முடிவு வந்தது. இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குமிழ்கள் முழுக்க மறைந்திருந்தன; ஊசி மட்டும் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். எழுத்துப் பலகையில் இரண்டும் கிடைத்த குழு சராசரியாக 8 எழுத்து கூடுதலாகப் படித்தது, ஊசி மட்டும் போட்ட குழு 5 எழுத்து. அதற்கு அடுத்து 'பிளானட்' என்ற ஆய்வு, அஃப்லிபெர்செப்ட் என்ற இன்னொரு ஊசியை மட்டும் ஒழுங்காகப் போட்டாலே பெரும்பாலானவர்களுக்கு லேசர் தேவைப்படாது என்று காட்டியது. இன்று உங்கள் அப்பாவின் டாக்டர் "முதலில் ஊசி, தேவைப்பட்டால் லேசர்" என்று சொன்னால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இப்படிக் கையெழுத்துப் போட்ட பல நூறு ஆசியப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

நம் சமூகமும் இதில் புதிதல்ல. 2007 முதல் 2009 வரை சிங்கப்பூரின் தென்மேற்குப் பகுதியில் நடந்த இந்தியர் கண் ஆய்வில், 40 வயது கடந்த 3,400 இந்தியர்கள் வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு முன் மலாய்க்காரர்களிடமும், பின் சீனர்களிடமும் இதே மாதிரி நடந்தது. இங்கே நீரிழிவு உள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு விழித்திரை பாதிப்பு உண்டு என்று இன்று நாங்கள் உறுதியாகச் சொல்வது அந்த மக்கள் தந்த நேரத்தால்தான். மருந்து எதுவும் கொடுக்காத ஆய்வு அது, வெறும் பரிசோதனை. அப்பாவுக்குக் கேட்கப்படுவது அதைவிடப் பெரியது என்பது எனக்குத் தெரியும்.

சோதனை எலி என்ற சொல்லுக்கு வருகிறேன். அம்மாவின் பயத்தைத் தவறு என்று சொல்ல மாட்டேன். 2006-ல் வெளியான 'மரீனா' என்ற ஆய்வில் ஈர வகை மாக்குலா நோய் உள்ள 716 பேர் இருந்தார்கள். அவர்களில் 238 பேருக்கு மருந்தே கிடையாது, மருந்து போடுவதுபோல ஒரு பாவனை மட்டும். ஓராண்டு முடிவில், ரானிபிசுமாப் கிடைத்தவர்களில் 100-க்கு 5 பேர்தான் பார்வைப் பலகையில் 15 எழுத்தோ அதற்கு மேலோ இழந்தார்கள். மருந்து கிடைக்காதவர்களில் அப்படி இழந்தவர்கள் 100-க்கு 38 பேர். அன்றைக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அதனால்தான் அப்படி ஒரு குழு இருந்தது. முடிவு வெளியான பிறகு, ஈர வகை மாக்குலா நோயாளி ஒருவரை மருந்தே இல்லாமல் வெறும் பாவனையோடு விடுவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த 238 பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அப்பா சேரப்போகும் ஆய்வில் 'ஷாம்' ஊசி என்பது வேறு. புது மருந்து மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பழைய மருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை தடவை ஊசி விழுகிறது என்று தெரிந்துபோனால், யாருக்கு எந்த மருந்து என்பதும் தெரிந்துபோகும். தெரிந்துவிட்டால் பலகை படிக்கும்போது நோயாளிக்கும் தெம்பு மாறும், படிக்கச் சொல்பவரின் குரலும் மாறும். அதனால், மருந்து போட வேண்டாத மாதங்களிலும் வரவழைத்து, ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சின் முனையைக் கண்ணின் மேல் லேசாக அழுத்தி எடுப்பார்கள். உள்ளே எதுவும் போகாது. தமிழில் நான் அதைப் 'பாவனை ஊசி' என்றுதான் சொல்வேன். 'பொய் ஊசி' என்று சொல்வதே இல்லை. அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு ஆய்வில் இருந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அத்தைக்குத் தமிழும் மலாயும்தான். கூடப் போன உறவினர் "ஒண்ணுமில்ல, ஊசி போடுவாங்களாம், கையெழுத்துப் போடுங்க" என்று முடித்துவிட்டார். பாவனை ஊசி பற்றி யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. "என்னை ஏமாத்திட்டாங்க, வெறும் குழாயை வச்சு அழுத்திட்டு அனுப்பியிருக்காங்க" என்று கொதித்துப்போனார். உண்மையில் அவருக்கு வேண்டிய மருந்து வேளாவேளைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றோடு அவர் கண் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார், ஆய்வுக்கும் போகவில்லை, சாதாரண சிகிச்சைக்கும் போகவில்லை. அந்தக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. அப்போது நான் தாதிப் பயிற்சியில் இருந்தேன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் படிவத்தை நானே உட்கார்ந்து படித்துக் காட்டியிருப்பேன் என்ற ஆற்றாமை இன்றுவரை தீரவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது பிசிவியோ ஷாமோ அல்ல. "அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்" என்ற வரிதான்.

நம் பெரியவர்களின் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். டாக்டர் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம், பிள்ளைகளுக்கு லீவு போட வைத்துவிட்டோமே என்ற தவிப்பு, சீக்கிரம் எழுந்து போய்விட வேண்டும் என்ற அவசரம், எல்லாம் சேர்ந்து தலை தானாக ஆடும். ஒருமுறை ஒரு தாத்தாவுக்கு முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் தமிழில் விளக்கினேன். பக்கத்துக்குப் பக்கம் "சரிம்மா, சரிம்மா" என்றார். கடைசியில் பேனாவைக் கையில் கொடுக்காமல், "ஐயா, நான் சொன்னதை உங்க சம்சாரத்துக்கிட்டச் சொல்ற மாதிரி எனக்கு ஒருமுறை சொல்லுங்க" என்றேன். அவர் சற்று நேரம் மேசையைப் பார்த்தார். "டாக்டரு வெளியில கிடைக்காத நல்ல மருந்து தர்றாரு. நான் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானம்மா?" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம், இந்தத் தடவை படம் வரைந்து. மறுநாள் மனைவியோடு வந்து வேண்டாம் என்றார். வழக்கமான ஊசியை அதே கிளினிக்கில் தொடர்ந்து போட்டுக்கொண்டார். யாரும் அவரை முகம் சுளித்துப் பார்க்கவில்லை.

அந்தத் தாத்தா நினைத்த மாதிரிதான் பலரும் நினைக்கிறார்கள், உங்கள் அப்பாவும் நினைத்திருக்கலாம். ஆய்வு என்பது அவருக்கென்று டாக்டர் தேர்ந்தெடுத்த சிறப்புச் சிகிச்சை அல்ல. புது மருந்து நல்லதா என்று தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. குலுக்கலில் கணினி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான். கண்ணைப் பரிசோதிக்கும் டாக்டருக்கே எது விழுந்தது என்று தெரியாது. அப்பாவுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பின்னால் வருபவர்களுக்குப் பதில் கிடைக்கும் என்பது மட்டும்தான் உறுதி.

புதிது என்றால் மேலானது என்ற எண்ணத்தை இந்தத் துறை பலமுறை உடைத்திருக்கிறது. அபிசிபார் என்று ஒரு மருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போதும் என்று பெரிய நம்பிக்கையோடு வந்தது. பார்வையைக் காப்பதில் குறை இல்லை. ஆனால் ஆய்வில் 100-க்கு 15 பேருக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்தது, பழைய மருந்தில் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. 2020-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ப்ரோலூசிசுமாப் என்ற இன்னொரு மருந்து 2019-ல் அங்கே அனுமதி பெற்றது. சில மாதங்களிலேயே விழித்திரை ரத்தக் குழாய் வீங்கி அடைபட்ட நோயாளிகளைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. மறுபக்கம், ஃபரிசிமாப் போன்ற மருந்துகள் இதே மாதிரி ஆய்வுகளைத் தாண்டி வந்து, பலருக்கு ஊசிக்கு ஊசி இடைவெளியை நான்கு மாதம்வரை நீட்டியிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் பிள்ளை லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது காத்திருக்கும் அறையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

சிங்கப்பூரில் இப்படி ஒரு மருந்தைச் சோதிக்க, சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். தனியாக நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். படிவத்தைப் படிக்க முடியாதவராக இருந்தால், ஆய்வுக் குழுவைச் சாராத ஒரு சாட்சி கூடவே இருந்து, சொல்லப்பட்டது சரியாகச் சொல்லப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, அப்பா விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருடைய வழக்கமான சிகிச்சையைக் குறைக்க முடியாது. தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேட்பதற்கு நீங்கள் தயங்கவே வேண்டாம். தமிழ்ப் படிவம் இருக்கிறதா, இல்லையென்றால் தமிழ் தெரிந்தவர் வந்து விளக்குவாரா என்று நேராகக் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்துச் சொல்வதைவிட அது நல்லது. மகள் சொன்னால், அப்பா மகளுக்காகச் சரி என்பார்.

தம்பி அனுப்பிய விளம்பரத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: போகாதீர்கள். 2017-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் மூன்று பெண்களின் கதை வந்தது. 72 முதல் 88 வரை வயது, மூவருக்கும் மாக்குலா நோய். ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, அவரவர் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் போட்டார்கள். போகும்போது ஓரளவு பார்வையோடு போனவர்கள், ஓராண்டுக்குள் பார்வையைப் பெருமளவு இழந்துவிட்டார்கள். ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஆய்வு என்று நம்பிப் போனவர்களும் அவர்களில் உண்டு. மருத்துவ ஆய்வுகளுக்கான அரசாங்கப் பதிவேட்டில் அதன் பெயர் இருந்ததே அந்த நம்பிக்கைக்குக் காரணம். பதிவேட்டில் இருப்பதை வைத்து மட்டும் எதையும் நம்பிவிட முடியாது. தம்பியிடம் இரண்டே விஷயம் கேட்கச் சொல்லுங்கள். சோதனையில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் ஏன் பணம் கேட்கிறார்கள்? நன்றாக இருக்கும் கண்ணையும் ஏன் ஒரே நாளில் தொடுகிறார்கள்? ஒழுங்கான விழித்திரை ஆய்வு ஒரு கண்ணில்தான் நடக்கும், இன்னொரு கண்ணைப் பத்திரமாக வைத்திருக்கும், சோதனை மருந்துக்குக் காசு கேட்காது. ஸ்டெம் செல் ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது, நாளைக்கு அதில் நல்லது வரலாம். வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் அந்த ஆராய்ச்சி இல்லை.

ஊசியைப் பற்றி அப்பாவுக்குப் பயம் இருக்கும், வெளியில் சொல்லியிருக்க மாட்டார். மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு பழுப்பு நிற அயோடின் சொட்டு, அதுதான் கொஞ்சம் எரியும், கிருமி உள்ளே போகாமல் இருக்க அதைத் தவிர்க்க முடியாது. இமை மூடாமல் இருக்கச் சின்னக் கிளிப் ஒன்று வைப்பார்கள். "மேல பாருங்க" என்பார்கள். கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், முடி மாதிரி மெல்லிய ஊசி. உள்ளே போகும் மருந்து 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டு. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் வந்தால் கண்ணே போகும். ஊசி போட்ட அன்று சின்ன உறுத்தல் இருக்கும். அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

ஆய்வில் சேர்ந்தால் அதோடு நிறையப் பரிசோதனையும் உண்டு. பலகை படிப்பதே ஒரு வேலை. நான்கு மீட்டர் தள்ளி உட்கார வேண்டும், வரிக்கு ஐந்து எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். அவசரமில்லாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்வோம். "தெரியலம்மா" என்றாலும், "ஊகிச்சுச் சொல்லுங்க ஐயா" என்போம். சொன்னது சரியா தப்பா என்று எங்கள் முகத்தில்கூடக் காட்டக்கூடாது. ஒரு பாட்டி ஆங்கில எழுத்தே படிக்காதவர். மடியில் ஒரு அட்டையை வைத்து, பலகையில் பார்த்த உருவத்தை அட்டையில் விரலால் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார், நான் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஐந்து எழுத்து கூடுதலாகத் தெரிந்தால் ஒரு வரி. 15 எழுத்து, அதாவது மூன்று வரி, ஆய்வாளர்கள் கணக்கில் பெரிய மாற்றம். அந்தப் பாட்டிக்கு மூன்று வரி கூடியபோது, பேரனின் முகத்தில் உள்ள மச்சம் தெரிகிறது என்றார். பலகைக் கணக்கு வீட்டில் என்னவாகிறது என்பது அன்றுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

ஒரு சந்திப்புக்குப் பாதி நாள் போய்விடும். கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவதால் திரும்பும்போது வெயில் கூசும், எம்ஆர்டி படியில் கால் தடுமாறும். இரண்டு வருடம் யார் கூட வருவது என்பதையும் இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தம்பிக்கு அப்பாவின் கண்மேல் அவ்வளவு அக்கறை இருக்கிறதே, பாதிச் சந்திப்புகளை அவன் எடுத்துக்கொள்ளட்டும்.

இனி, அடுத்த வாரம் போகும்போது அப்பா தன் வாயாலேயே கேட்க வேண்டியவை. எனக்கு முதல் ஊசி எந்தத் தேதியில், சேர்ந்தாலும் சேராவிட்டாலும்? குலுக்கலில் பழைய மருந்து விழுந்தால், அது ஆய்வுக்கு வெளியே எனக்குக் கிடைக்கும் அளவுக்கே கிடைக்குமா? நடுவில் பார்வை குறைந்தால், கூடுதல் ஊசியோ லேசரோ தர ஆய்வில் இடம் இருக்கிறதா, அதை யார் முடிவு செய்வார்கள்? இந்த மருந்து இதுவரை எத்தனை பேர் கண்ணில் போடப்பட்டிருக்கிறது, அதில் அழற்சி எத்தனை பேருக்கு? கண்ணுக்குக் கெடுதல் வந்தால் செலவு யாருடையது, அது படிவத்தில் எந்தப் பக்கம்? எந்தப் பரிசோதனைகள் இலவசம், எவற்றுக்கு நாங்கள் கட்ட வேண்டும், ஆய்வுக்குப் பணம் தருவது யார்? ஆய்வு முடிந்த மறுநாள் எனக்கு என்ன மருந்து? ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண் வலித்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் குழுவோடு இரண்டு வருடம் போகலாம். கேள்விக்கு எரிச்சல்படும் குழுவாக இருந்தால், அந்த ஆய்வு எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம் என்பேன்.

வலது கண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரு கண்ணில் வந்தவருக்கு அடுத்த கண்ணிலும் வரக்கூடும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்டதை மறைத்துவிடும். அப்பாவுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம். தினமும் காலையில் பேப்பரைப் பிரிப்பதற்கு முன், இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி நேராக இருக்கிறதா, நடுவில் வளைகிறதா, எங்கேயாவது அழிந்திருக்கிறதா? மாற்றம் தெரிந்தால் அந்த வாரத்திலேயே டாக்டர். புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்த வேண்டும், இந்த நோயில் நம் கையில் இருக்கும் காரணங்களில் அதுதான் பெரியது. கண்ணுக்கு வைட்டமின் மாத்திரை என்று கடையில் கிடைப்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில நிலைகளில் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட கலவை பயன்படும், எல்லாருக்கும் அல்ல.

கையெழுத்துப் போடச் சொல்லவா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து, அப்பாவிடம், "போன வாரம் டாக்டர் என்னப்பா சொன்னாரு, எங்களுக்குச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் படிக்கும் கண்ணாடியையும் சந்திப்பு நாளில் அவர் சட்டைப்பையில் வையுங்கள். அவர் சேர்கிறேன் என்றால் கூட நில்லுங்கள். வேண்டாம் என்றால், "சரிப்பா, வழக்கமான ஊசிக்கு இந்த வாரமே தேதி கேட்போம்" என்று சொல்லி, அந்தத் தேதியை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.